பூங்காவைப் பகுதி பகுதியாகச் சீரமைக்க...

குடியிருப்புப் பூங்காவுக்குப் பணம் திரண்டதும் முதலில் ஊஞ்சல், சறுக்குமரம் வாங்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று படம் எடுத்து வையுங்கள். வடிகால், தண்ணீர்க் குழாய், மின்கம்பி என மண்ணுக்கடியில் போகும் வேலைதான் முதல் கட்டம். நடைபாதை அதற்குப் பிறகு. விளக்குக்கு இப்போது காசில்லையா? பாதைக்குக் குறுக்கே, கல் பதிக்கும் முன்பே, பின்னாளில் மின்கம்பி நுழைக்க வெறும் பிவிசி குழாயாவது புதைத்து இரு முனையையும் மூடிவிடுங்கள். பின்னால் பாதையைப் பெயர்க்கும் தண்டச்செலவு மிச்சம்.

மரம் மட்டும் விதிவிலக்கு. நிழல் தர ஆண்டுகள் ஆகும் என்பதால் புங்கன், வேம்பை முதல் ஆண்டிலேயே, வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில் நடலாம். குழாய், கம்பிக்குப் பள்ளம் தோண்டும் இடத்திலிருந்து தள்ளி நட வேண்டும். புல்தரை அவசரமில்லை, தண்ணீர் குடிக்கும் சமாசாரம் அது.

தமிழ்நாடு அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். கட்டம் வாரியான மதிப்பீட்டுடன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பராமரிப்புச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.