பிள்ளைகளின் விரல் முறிந்தால்: யாரை உடனே அனுப்புவது, யாரை உள்ளூரிலேயே பார்ப்பது

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் நான். கபடி, கிரிக்கெட் பந்து, கழிப்பறைக் கதவு என்று எதில் அடிபட்டாலும் வீங்கிய விரலோடு பிள்ளைகள் முதலில் வருவது என்னிடம்தான். எல்லாரையும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்ற வேண்டியதில்லை. பிள்ளைகளின் விரல் முறிவுகளில் பெரும்பாலானவை கட்டுப் போட்டாலே சேர்ந்துவிடும். சில மட்டும் அன்றைக்கே போயாக வேண்டும்.

1. உருவாதீர்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு இழுக்க வீட்டுக்கு ஒரு ஆச்சி இருப்பார். வேண்டாம். மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள். கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கியே இருக்கட்டும்.

2. நகம். கதவில் நசுங்கிய விரலில் நகத்தின் அடியோரம் ரத்தம் கசிகிறதா? நகம் தோலுக்கு மேலே ஏறி வழக்கத்தைவிட நீளமாகத் தெரிகிறதா? "விழுந்து முளைக்கும்" என்று விடாதீர்கள். அடியில் வளர்ச்சித்தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் இடம், முறிந்திருக்கலாம். ஸீமோர் முறிவு என்பார்கள். கழுவிச் சரிசெய்யாவிட்டால் எலும்பில் சீழ் பிடிக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அழுகிறானே என்று வழியில் பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம்.

3. முஷ்டி. உடைந்த எலும்பு முறுக்கிக்கொண்டிருந்தாலும் கை நீட்டியிருக்கும்போது தெரியாது. "எலே, மெதுவா மடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். விரல் நுனிகள் எல்லாம் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டை நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் மட்டும் பக்கத்து விரலின் மேல் ஏறினால் எலும்பு முறுக்கியிருக்கிறது. அடிபடாத கையோடும் ஒப்பிடுங்கள், சிலருக்குச் சுண்டுவிரல் பிறவியிலேயே வளைவு. வளரும் எலும்பு சாய்வை ஓரளவு தானே நிமிர்த்திக்கொள்ளும், முறுக்கை நிமிர்த்தாது.

4. எக்ஸ்ரே. இங்கேதான் தகராறு. ஒரு பையனுக்குக் கை முழுவதையும் பக்கவாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். நாலு விரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் தெரியவில்லை. நேர்ப்படத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரலை மட்டும் பிரித்துவைத்து எடுத்த பிறகுதான், எலும்பின் கழுத்து (முனைக்குச் சற்று முன்னால் ஒடுங்கும் இடம்) உடைந்து துண்டு பின்பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. விரல் எலும்பில் வளர்ச்சித்தட்டு இருப்பது அடிப்பக்கம், கழுத்து மறுமுனையில். அதனால் அது தானாக நிமிர்வது அரிது. ஆகவே எக்ஸ்ரே எடுப்பவரிடம் கேட்டே வாங்குங்கள்: நேர், சாய்வு, அந்த விரலின் தனிப் பக்கவாட்டுப் படம், மூன்றும்.

5. அனுப்புவதா? கனடாவின் கால்கரியில் பிள்ளைகளின் கை முறிவுக்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தோல் கிழிந்த முறிவு, முறுக்கு, சாய்வு, மூட்டு விலகல், துண்டு நகர்வது, மூட்டுக் குமிழ் (மூட்டில் உருண்டையாக இருக்கும் எலும்பு முனை) உடைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள். எதுவும் இல்லையென்றால் கட்டும் பயிற்சியும் போதும். நம் ஊரில் அதை உள்ளூர் எலும்பு டாக்டரே பார்த்துக்கொள்வார்.

அனுப்பினால் ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள்: எந்தக் கை, எப்போது, எப்படி அடிபட்டது, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டதா. "நாலாவது விரல்" என்று எழுதாதீர்கள், பெருவிரலைச் சேர்த்தா சேர்க்காமலா என்று குழப்பம் வரும். "வலது மோதிரவிரல்" என்றே எழுதுங்கள். கூடவே முஷ்டியை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

6. கட்டு. லேசான முறிவு என்று டாக்டர் சொன்னால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுவது பெரும்பாலும் போதும், ஏறக்குறைய மூன்று வாரம். என் ஓட்டு பேப்பர் டேப்புக்கு. பழுப்புப் பிளாஸ்டர் வேர்வையில் தோலை உரிக்கும். விரல்களுக்கு நடுவே காஸ் துணி வையுங்கள், மூட்டை விட்டு மேலும் கீழும் ஒட்டுங்கள். மூங்கில் பத்தை வைத்து விரல் நீலம் பாயுமளவு இறுக்கும் கட்டு எனக்குப் பிடிக்காது.

7. மறு எக்ஸ்ரே. டாக்டர் ஒரு வாரத்தில் வரச் சொன்னால் கோயில் கொடை விழா முடியட்டும் என்று தள்ளாதீர்கள். பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் ஒட்டும், கோணலாக இருந்தாலும் ஒட்டும். பிறகு நிமிர்த்துவது கஷ்டம்.

பின்சேர்க்கை: வள்ளியூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார், மூன்று வயதுப் பிள்ளை சொன்னால் முஷ்டி மடக்குமா என்று. மடக்காதும்மா. விரல்களைத் தொடாமல் மணிக்கட்டை மட்டும் மெதுவாகப் பின்பக்கம் சாய்த்துப் பாருங்கள், விரல்கள் தாமாகவே மடங்கும். தூங்கும்போது பார்த்தால் இன்னும் சுலபம். ஆனால் மணிக்கட்டிலும் வீக்கமிருந்தால் இதைச் செய்யாதீர்கள்.