வில்லுப்பாட்டைப் பதிவு செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை, ஆடி வந்தால் நெல்லைப் பக்கம் கொடை (கோயில் திருவிழா) நடக்கும் ஊர்களுக்குச் செல்போனும் மைக்குமாக இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நாட்டார் இசையை மீட்க வேண்டும் என்ற அவர்கள் ஆசை உண்மையானது. ஆனால் வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிக்கும் எனக்கு, எங்கள் காலத்துத் தவறுகளே திரும்ப நடப்பது தெரிகிறது. சார்ஜ் தீர்ந்துபோவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

கதையை வீட்டில் பாடச் சொல்வது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். சுடலை மாடன் கதை கேட்டு ஒரு குழு அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அண்ணாவி (வில்லடித்துக் கதை பாடும் தலைவர்) வீட்டுக்குப் போனது. "அரை மணி நேரத்துல முடிச்சுத் தாங்க அண்ணாவி" என்றார்கள். மறுக்கத் தெரியாத மனுஷர், சுருக்கிப் பாடிக் கொடுத்தார். அதையே மனப்பாடம் செய்து அவர்கள் ஒரு கொடையில் வில்லடிக்கப் போனார்கள். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்குப் படப்பு (படையல்) போடும் முன்பே, கதையை முடித்துவைக்கும் வாழி பாடியாகிவிட்டது. "சாமி இன்னும் ஆடவே இல்லியே, அதுக்குள்ள முடிச்சாச்சா?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். அடுத்த வருஷம் அந்தக் கோயிலில் இன்னிசைக் கச்சேரி. ஒரு தடவை வில்லை நிறுத்திய ஊர் மறுபடி கூப்பிடுவது லேசில்லை.

கொடையில் கதையின் நீளம் பூசையைப் பொறுத்தது. அண்ணாவியின் ஒரு கண் பூசாரி மேலேயே இருக்கும். பூசை தாமதமானால் நாட்டு வளம் பாடும் பகுதியை விரிப்பார். சாமியாடிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கினால் வசனத்தை விட்டுவிட்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். வில்லை அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கும். உடுக்கும் குடமும் கூடவே ஏறும். திண்ணையில் உட்கார்ந்து பாடினால் இதில் எது வரும்? கோயில்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, தொடக்கத்துக் காப்புப் பாட்டு முதல் வாழி வரை முழுசாகப் பதிவு செய்யுங்கள். எந்த அடியில் தீபாராதனை, எந்த அடியில் சாமி வந்தது என்று நோட்டில் குறியுங்கள்.

அச்சுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வது

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை அவசியம் படியுங்கள். ஆனால் மெட்டு அதில் இல்லை. அப்புறம், சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் முத்துப்பட்டனைச் சாமியாகக் கும்பிடும் பட்டவராயன் சன்னதியையும் பாருங்கள்.

ஒற்றை மகுடம்

கொடையில் நடக்கும் இன்னொரு கலையான கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் வாத்தியம் இரண்டு: உச்சம், மந்தம். இரண்டுக்கும் மைக் வையுங்கள்.

சம்பளம் பேசாமல் பாட வைப்பது

கூடாது.

பதிவை எடுத்துக்கொண்டு போய்விடுவது

பாடியவர் வீட்டில் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்துப் பழகப்போகிற பிள்ளைகள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.