‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று கடிதத்தில் எப்போது எழுதலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் நிர்வாகத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ போகும் ஆங்கிலக் கடிதங்களைப் பெரும்பாலும் படித்த பிள்ளையோ ஓய்வு பெற்ற கிராணியோதான் (தோட்ட அலுவலக எழுத்தர்) எழுதிக் கொடுக்கிறார்கள். அவற்றில் பலவற்றின் தலையில், என்றோ வந்த வழக்கறிஞர் கடிதத்தைப் பார்த்து, ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கு எழுதிய விடுப்புக் கடிதம் ஒன்றில்கூட அதைப் பார்த்திருக்கிறேன்.

‘பாரபட்சமின்றி’ என்று அதைத் தமிழாக்குவது தவறு. சட்ட ஆங்கிலத்தில் ‘பிரெஜுடிஸ்’ என்பதற்குப் பாதகம் என்ற பொருள் உண்டு. ஆகவே ‘என் உரிமைக்குப் பாதகமின்றி’ என்பதே சரியான தமிழ். சமரசத்துக்காக நான் இறங்கி வந்து சொல்வதை, சமரசம் முறிந்தால், நீதிமன்றத்தில் எனக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதே அதன் கருத்து. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிவில் வழக்குகளில் இந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆட்குறைப்பில் வேலையிழந்த மாதச் சம்பளத் தொழிலாளி ஒருவர் 12 ஆண்டு உழைத்ததாகச் சொல்கிறார். தோட்டம் கைமாறியதைக் காட்டி 9 ஆண்டுதான் என்கிறது அலுவலகம். வேலை நிறுத்த, ஆட்குறைப்புப் பலன்களுக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஐந்தாண்டுக்குக் குறையாத சேவைக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும் என்பதால், அவர் கணக்கில் 240 நாள், அலுவலகக் கணக்கில் 180 நாள். ‘220 நாள் சம்பளம் கொடுத்தால் முடித்துக்கொள்கிறேன்’ என்று அவர் எழுதும் கடிதத்துக்குத்தான் அந்தத் தலைப்பு பொருந்தும். தலைப்பு இல்லாமல் அதே வாசகம் போனால், ‘220 போதும் என்று அவரே ஒப்புக்கொண்டார்’ என எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. தகராறு இருக்க வேண்டும். அதைத் தீர்க்கும் முயற்சியும் கடிதத்தில் இருக்க வேண்டும். இரண்டும் உண்மையாகவே இருந்தால், தலைப்பு விடுபட்டாலும் சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் பாதுகாப்பு அளிக்கலாம். இரண்டும் இல்லாத கடிதத்துக்கு அந்தச் சொற்களால் எந்தப் பலனும் இல்லை.

பலர் கவனிக்காத ஆபத்து வேறொன்று. அந்தத் தலைப்பு எதிரியின் கையை மட்டுமல்ல, எழுதியவரின் கையையும் கட்டுகிறது. எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தேன், எந்த மாதச் சம்பளம் வரவில்லை, எத்தனை நாள் அவகாசம் தருகிறேன் என்பவற்றையெல்லாம் அந்தத் தலைப்பின் கீழ் எழுதிவிட்டு, பின்னாளில் ‘அன்றே கேட்டேன்’ என்று நிரூபிக்க அதே கடிதத்தை நீட்டினால், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். ஆகவே கோரிக்கையை வெறும் கடிதமாகவும், விட்டுக்கொடுப்பைத் தலைப்பிட்ட தனிக் கடிதமாகவும் எழுதுவதே நல்லது. பணிநீக்கம் நியாயமற்றது என்று தொழில் உறவுத் துறையிடம் கொடுக்கும் முறையீட்டில் இத்தலைப்புக்கு இடமே இல்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அதற்குரிய 60 நாள் கெடு நின்றுவிடுவதுமில்லை.

பணம் வாங்கும்போது இச்சொற்றொடரை வேறு விதமாக, வாக்கியத்துக்குள் ‘டு’ சேர்த்து எழுத வேண்டும். ‘வித்தவுட் பிரெஜுடிஸ் டு மை கிளெய்ம் ஃபார் த பேலன்ஸ், ஐ அக்செப்ட் திஸ் பேமெண்ட்’ என்றால், மீதித் தொகைக்கான என் கோரிக்கைக்குப் பாதகமின்றி இதைப் பெறுகிறேன் என்று பொருள். இது மறைக்க வேண்டிய கடிதம் அல்ல, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய கடிதம். ஆகையால் இதன் தலையில் அந்த இரண்டு சொற்களைப் போடக்கூடாது. ‘டு’வை விட்டுவிட்டு ‘ஃபார்’ என்றோ ‘ஆஃப்’ என்றோ எழுதுவது இலக்கணப் பிழை.

தலைப்பாக எழுதும்போது, தேதிக்கும் விளிப்புக்கும் இடையே தனி வரியில், தடித்த எழுத்தில் இடுவது வழக்கம். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டு உடன்பாடு உருவாகிவிட்டால், அந்த உடன்பாட்டை நிரூபிக்கக் கடிதங்களைக் காட்டலாம். இருவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத் தாளிலும் பழக்கதோஷத்தால் அதே தலைப்பைத் தட்டச்சு செய்துவிடக்கூடாது. செய்திருந்தால், அந்த வரியை நீக்கிவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.