சாக்கடலில இறங்க முதல்: நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் கட்டாயம் வாசிங்கோ

வெள்ளவத்தைக் கடலில சின்ன வயசில இருந்து குளிச்சவன், கல்கிசையில அலைக்குள்ள பாயுறவன், எனக்கு ஒரு ஏரித் தண்ணி என்ன செய்யப்போகுது எண்டுதான் நானும் நினைச்சன். சித்திரை வருஷ லீவுக்கு ஜோர்தானில வேலை செய்யிற அண்ணாட்டப் போனனான், அந்த நாட்டுத் தலைநகர் அம்மானில இருந்து சாக்கடலுக்குக் காரில ஒரு மணித்தியாலம். இறங்கி ரெண்டு நிமிஷம் ஆகேல்ல, பழக்கதோஷத்தில கவுண்டு ரெண்டு கை வீசினன், கால் ரெண்டும் தண்ணிக்கு வெளிய, முகம் உள்ள. நீந்தவே தெரியாத அண்ணி பக்கத்தில சாய்மனைக் கதிரையில இருக்கிற மாதிரி மிதந்துகொண்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறா.

அதால இது முதல்முறை போற ஆக்களுக்கு. பேர்தான் கடல், உண்மையில அது ஏரி. ஜோர்தான் ஆறு வந்து விழும், வெளிய போக வழி இல்லை, தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சிக்கொண்டே போகுது.

முதல் வேலை: மாசத்தைப் பாருங்கோ

எல்லாரும் கேக்கிறது தண்ணி சுடுமா குளிருமா எண்டுதான். எங்கட கொழும்புக் கடல் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட 27க்கும் 30 டிகிரிக்கும் இடையில நிக்கிறபடியா நாங்கள் சூட்டைப் பாக்கிறதே இல்லை, மே தொடங்கினா தென்மேற்குப் பருவக்காத்துக்கு அலை மோசம், அதைத்தான் பாப்பம். சாக்கடலில கதை வேற. பெப்ரவரியில மேல் தண்ணி 21, 22 டிகிரி, எங்கட ஆக்களுக்கு அது பல்லு கிட்டிற குளிர். ஏப்ரலில 24 மாதிரி வரும். ஓகஸ்டில 34ஐத் தொடும், வெளி வெயில் 40ஐயும் தாண்டும். 34 டிகிரி தண்ணி எங்கட தோலின்ர சூட்டுக்குக் கிட்ட, அதால உடம்பு ஆறவே ஆறாது, தண்ணிக்குள்ள வேர்வையும் வேலை செய்யாது. மிதக்கேக்க நீங்கள் கிடக்கிறதும் ஆகமேல்த் தண்ணியில, அதுதான் கோடையில ஆகச் சூடான பகுதி. என்னைக் கேட்டா மார்ச் கடைசியில இருந்து ஏப்ரல் வரை, இல்லாட்டி ஒக்டோபர், நவம்பர். ஓகஸ்ட் ஸ்கூல் லீவுக்குத்தான் போகவேணும் எண்டா விடிய வெள்ளனப் போங்கோ.

பிறகு காத்து. போனில வெயிலை மட்டும் பாத்திட்டு விடாதேங்கோ, காத்து எத்தனை கிலோமீற்றர் எண்டதையும் பாருங்கோ. கோடையில பின்னேரமாகேக்க மத்தியதரைக் கடல் பக்கத்தில இருந்து காத்து இறங்கும். அந்தத் தண்ணி ஒரு லீற்றர் 1.24 கிலோ, அதால சின்ன அலையே நல்ல பாரமா வந்து அடிக்கும், தூவானம் கண்ணுக்குள்ள போனா அண்டைக்குக் குளிப்பு முடிஞ்சுது.

வீட்டில ஒருக்காச் செய்து பாருங்கோ

இதைச் செய்யாமல் போகாதேங்கோ, ஐஞ்சு நிமிஷ வேலை. ஒரு லீற்றர் தண்ணி எடுத்து தூள் உப்பு ரெண்டு மேசைக்கரண்டி போட்டுக் கரையுங்கோ, அது கிட்டத்தட்ட எங்கட கடல், நூற்றுக்கு மூண்டரைப் பங்கு உப்பு. முட்டையை விடுங்கோ, அடியில போய் இருக்கும். இப்ப ஒவ்வொரு கரண்டியாக் கூட்டிக்கொண்டு போக, ஒரு எட்டு மட்டில முட்டை எழும்பும், மண்டை மட்டும் வெளிய தெரியும். அம்மா இருபது கரண்டி வரை போட்டுப் பாத்தா, அதுக்கு மேல கரையேல்ல, அடியில மண் மாதிரி நிண்டுது. சாக்கடலில உப்பு நூற்றுக்கு 34 பங்கு, சாப்பாட்டு உப்பால அந்தளவுக்குப் போகவே ஏலாது, அது 26இல நிண்டிடும். அங்க கூடுதலா இருக்கிறது மக்னீசியம் குளோரைட், அது இன்னும் நல்லாக் கரையும், அதாலதான் தண்ணி கைக்கும், தோலில எண்ணெய் மாதிரி வழுவழுக்கும்.

அந்தப் பாத்திரத்துக்க நகம் ஒட்ட வெட்டின விரலை விட்டுப் பாருங்கோ. அந்த எரிவு உங்களுக்கு முழு உடம்பிலயும் வரப்போகுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. அதால போறதுக்கு ரெண்டு நாள் முதலே சவரம், வக்ஸ் எல்லாம் நிப்பாட்டுங்கோ. நுளம்பு கடிச்சுச் சொறிஞ்ச இடம் கூட எரியும். நான் அண்டைக்குக் காலமதான் முகம் வழிச்சிட்டுப் போனனான், சொல்லவேண்டாம்.

கொண்டுபோற சாமான்

பட்டி வச்ச ரப்பர் செருப்பு, வெறும் பாட்டா கழண்டு மிதந்திடும். கரையில உப்புக் கட்டி கண்ணாடித் துண்டு மாதிரி வெட்டும். பழைய குளிப்பு உடுப்பு. நல்ல தண்ணி ரெண்டு போத்தல், ஒண்டு குடிக்க, மற்றது கண் கழுவ. வெள்ளிச் சங்கிலி, கொலுசு எல்லாம் அறையிலயே கழட்டி வையுங்கோ, கறுத்துப்போகும்.

அம்மானில இருந்து இறங்கேக்க நுவரெலியாவில இருந்து வாற மாதிரிக் காது அடைக்கும், மேல சுவெட்டர் போட்டிருந்த ஆக்கள் கீழ ரீசேர்ட்டோட நிப்பினம். கடல் மட்டத்துக்கும் 430 மீற்றருக்கு மேல கீழ போறீங்கள், பூமியில தரையில அதைவிடப் பள்ளமான இடம் இல்லை.

இறங்குற முறை

ஏரி வருஷத்துக்கு ஒரு மீற்றருக்கு மேல வத்துது, ஆத்துத் தண்ணியை மேலேயே மறிச்சு எடுக்கினம், தெற்குப் பக்கம் உப்புத் தொழிற்சாலைகளும் இறைக்குது. அதால பழைய படிக்கட்டு முடிஞ்ச இடத்தில தண்ணி இருக்காது, சேத்தில கொஞ்சம் நடக்கவேணும், வழுக்கும், ஆளின்ர கையைப் பிடியுங்கோ. ஆக்கள் குளிக்கிற கரையை விட்டு அங்கால தனியா நடக்கப் போகாதேங்கோ. நிலத்தடி உப்பு கரைஞ்சு திடீரெண்டு நிலம் உள்வாங்கிற குழியள் அந்தக் கரை முழுக்க இருக்கு.

நாரியளவு தண்ணி வந்தோடன நில்லுங்கோ. கரையைப் பாத்துத் திரும்பி, பின்னால கதிரை இருக்கு எண்டு நினைச்சு மெதுவா இருங்கோ. அவ்வளவுதான், கால் தன்ர பாட்டில எழும்பும். உடம்பில ஐஞ்சில ஒரு பங்கு வெளியதான் நிக்கும், தாழுறதுக்கு வழியே இல்லை. கையை மட்டும் தண்ணிக்குக் கீழ மெல்ல அசைச்சுப் போங்கோ, மேல அடிக்காதேங்கோ.

நீந்தத் தெரிஞ்சவைக்குச் சொல்லுறன், நெஞ்சு நீச்சல், கை வீசிற நீச்சல், சுழியோடுறது ஒண்டும் வேண்டாம். குப்புறக் கவுண்டா இடுப்பும் காலும் மேல தள்ளும், தலை கீழ போகும், காலை ஊண்ட ஏலாது. நல்லா மிதக்கிற தண்ணியில மூழ்கிற ஆக்கள் இப்பிடித்தான் மூழ்கினம். கவுண்டா பதறாமல் ஒரு பக்கமா உருளுங்கோ, மல்லாக்க வருவீங்கள். தண்ணியை விழுங்கினா, கொஞ்சம் எண்டாலும், வெளிய வந்து உயிர்காப்பு ஆளிட்டச் சொல்லுங்கோ. அந்த மக்னீசியமும் கல்சியமும் ரத்தத்தில ஏறினா இதயத்துடிப்பையே குழப்பும், வாய் கொப்பளிச்சிட்டுச் சும்மா இருக்கிற விஷயம் இல்லை.

எழும்பிறதுதான் உண்மையில கஷ்டம், அதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. ரெண்டு முழங்காலையும் நெஞ்சுக்குக் கிட்ட மடக்குங்கோ, கை ரெண்டையும் பக்கத்தில விரிச்சுக் கீழ அமத்துங்கோ, உடம்பு நிமிரும், அப்ப பாதத்தைக் கீழ விட்டு நிலத்தைத் தொடுங்கோ. அண்ணி மூண்டு தரம் முயற்சி செய்து உருண்டு உருண்டு போனா, பிறகு அண்ணா போய் இழுத்துத்தான் நிப்பாட்டினவர்.

கண்ணுக்குள்ள போனா கசக்காதேங்கோ, கையிலயும் அதே உப்புத்தான். கரையில நிக்கிற ஆளிட்டச் சொல்லி நல்ல தண்ணியை ஊத்திக் கழுவுங்கோ.

எவ்வளவு நேரம்

பதினைஞ்சு, இருபது நிமிஷம். கோடையில பத்தும் போதும். பிரஷர், இதய வருத்தம், கிட்னி பிரச்சினை இருக்கிற ஆக்களும் பிள்ளைத்தாச்சியளும் டொக்டரைக் கேட்டிட்டுப் போங்கோ. சின்னப் பிள்ளையளை நான் எண்டா இறக்கவே மாட்டன், அதுகள் தண்ணி அடிக்காமல் இருக்குமே.

வெளிய வந்தோடன ஷவர், சவர்க்காரம் போட்டு ரெண்டு தரம். ஒரு தரம் குளிச்சா தோல் இன்னும் வழுவழுக்கும், காய்ஞ்சாப் பிறகு வெள்ளையாப் பூத்து நிக்கும். உடுப்பை அங்கேயே அலசுங்கோ. நான் அலசாமல் பையில சுருட்டிக் கொழும்புக்குக் கொண்டுவந்து பல்கனியில போட்டன், அந்தத் துவாய் மூண்டு நாளாகியும் காயேல்ல, மக்னீசிய உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம், வெள்ளவத்தைக் காத்தில ஈரத்துக்கு என்ன குறை.