செனான் ஹெட்லைட் பல்பு வாங்கும் முன்: பழைய பல்பின் அடிப்பாகத்தைப் படியுங்கள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு ராத்திரியில் கார் ஓட்டியவர்களுக்கு ஹெட்லைட்டின் அருமை தெரியும். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் முன்னால் போகும். பௌர்ணமி நெருங்கினால் ரோட்டோரத்தில் ஆட்கள் நடந்து போவார்கள். அதனால் ஒரு பக்க விளக்கு மங்கியதுமே பல்பு மாற்ற நினைப்பது நியாயம்தான். ஆனால் செனான் பல்பு வாங்குவதில் புதியவர்கள் பணத்தை வீணாக்க நிறைய வழி இருக்கிறது. பிரகாசத்தையும் நிறத்தையும் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பல்பின் அடிப்பாகத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டை.

படி 1: உங்கள் காரில் இருப்பது நிஜமாகவே செனானா?

கடையில் போய், "அண்ணே, செனான் பல்பு ஒரு ஜோடி கொடுங்க" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு சரக்கு உங்கள் முன்னால் வரலாம்.

முதலாவது, அசல் செனான். இதில் ஒயர் சுருள் கிடையாது. சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு முனைகளுக்கு இடையே, வெல்டிங் வைக்கும்போது வருவது மாதிரி, மின்பொறி நின்று எரியும். அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அந்த வேலையை இக்னைட்டர் செய்கிறது. அதன்பின் மின்சாரத்தைச் சீராக வைத்திருப்பது பேலஸ்ட். 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில்தான் இது முதலில் வந்தது.

இரண்டாவது, நீலப் பூச்சு பூசிய ஹாலஜன் பல்பு, அதாவது ஒயர் சுருள் சூடாகி எரியும் வகை. அட்டையில் 'செனான்' என்று போட்டிருந்தாலும் இது சாதாரண எச்4 அல்லது எச்7 பல்புதான். உள்ளே அடைக்கும் வாயுவில் செனான் கலந்திருப்பார்கள், அவ்வளவே.

மூன்றாவது, ஹாலஜன் ஹெட்லைட்டில் மாட்டுவதற்கென்று பேலஸ்டோடு விற்கும் கிட். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ராத்திரியில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். போட்ட உடனே மஞ்சளாக, முழுசாக எரிந்தால் ஹாலஜன். முதலில் நீலமாகப் பளிச்சென்று வெட்டி, சில வினாடிகளில் வெள்ளையாக நிலைத்தால் செனான். அசல் செனான் ஹெட்லைட்டின் பின்பக்கம் உயர் மின்னழுத்த எச்சரிக்கை ஸ்டிக்கரும் இருக்கும். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ செகண்ட் ஹேண்டில் கார் எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் என்ன மாட்டி வைத்தாரோ!

படி 2: பழுது பல்பில்தானா?

செனான் பல்பு பெரும்பாலும் திடீரென்று பியூஸ் போகாது. வயதாகும்போது வெளிச்சம் ரோஸ் நிறத்துக்கோ ஊதாவுக்கோ மாறும், சிமிட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணையும், ஸ்விட்சை அணைத்துப் போட்டால் திரும்ப எரியும். ஆனால் பேலஸ்ட் கெட்டாலும் விளக்கு சிமிட்டும், அணையும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, இடது பல்பையும் வலது பல்பையும் மாற்றி மாட்டுவது. கோளாறு பல்போடு சேர்ந்து அடுத்த பக்கம் போனால் பல்புதான் போயிருக்கிறது. அதே பக்கத்தில் நின்றால் பேலஸ்டையும் ஒயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இது ஒன்றைச் செய்தாலே தேவையில்லாத செலவு மிச்சமாகும். மாற்றும்போது 6-ஆம் படியில் உள்ள எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும்.

இன்னொன்று: நம்ம வேலூர் வெயிலில் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சள் பூத்துவிடும். அதற்குப் பின்னால் எவ்வளவு விலை உயர்ந்த பல்பைப் போட்டாலும் பலன் இல்லை. முதலில் பாலிஷ் போடுங்கள்.

படி 3: குறியீட்டைப் படியுங்கள்

பழைய பல்பைக் கழற்றி அடிப்பாகத்தைப் பார்த்தால் டி1எஸ், டி2எஸ், டி2ஆர், டி3எஸ், டி4எஸ் என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். இந்த மூன்று எழுத்துக்குள்ளேயே எல்லா விவரமும் இருக்கிறது.

எண்ணைப் பாருங்கள். 1, 3 என்றால் இக்னைட்டர் பல்போடு சேர்ந்தே வரும். அடியில் ஒரு உலோகப் பெட்டி ஒட்டியிருக்கும். 2, 4 என்றால் பல்பு மட்டும் தனியாக, இக்னைட்டர் வெளியே இருக்கும். அடுத்த வித்தியாசம் பாதரசம். 1, 2 வகைகளில் பாதரசம் உண்டு, எரியும்போது சுமார் 85 வோல்ட்டில் ஓடும். 3, 4 வகைகள் பாதரசம் இல்லாதவை, சுமார் 42 வோல்ட்டில் ஓடும். டி1எஸ் இருந்த இடத்தில் டி3எஸ் போட முடியாததற்குக் காரணம் இதுதான். நான்கும் 35 வாட்ஸ்தான் என்றாலும் பேலஸ்ட் வேறு. "கொஞ்சம் ராவினா உக்காந்துரும் சார்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசி எழுத்தும் முக்கியம். எஸ் என்றால் உருண்டைக் கண்ணாடி வைத்த ப்ரொஜெக்டர் ஹெட்லைட்டுக்கு. ஆர் என்றால் ரிஃப்ளெக்டருக்கு, அதாவது பல்புக்குப் பின்னால் வளைந்த பளபளப்பான கிண்ணம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஹெட்லைட்டுக்கு. அதன் கண்ணாடியில் வெளிச்சம் சிதறாமல் தடுக்க கறுப்புப் பட்டை பூசியிருப்பார்கள். டி2எஸ் சுமார் 3200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும், டி2ஆர் சுமார் 2800. கூடுதல் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு ஆர் இருந்த இடத்தில் எஸ் போட்டால் எதிரே வருபவரின் கண்ணில்தான் அது அடிக்கும். சில புது மாடல்களில் 25 வாட்ஸ் டி5எஸ், டி8எஸ் வரும்; அவற்றுக்கும் பழைய பல்பில் இருந்த அதே குறியீடுதான் போட வேண்டும்.

படி 4: நிறம்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். கம்பெனியிலிருந்து வரும் செனான் 4300 கெல்வினை ஒட்டி இருக்கும். லேசான மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை. அதிக வெளிச்சம் கிடைப்பதும் இதில்தான். 5000-இல் வெளிச்சம் கொஞ்சம் குறையும், 6000-இல் இன்னும் குறையும். 8000 என்பது நீலம், பார்க்கத்தான் பகட்டு. கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடும் என்பது தவறு. மழையில் நனைந்த தார் ரோட்டில் நீல வெளிச்சம் பள்ளத்தைக் காட்டாது. ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறி இறங்குபவருக்கு நான் 4300-ஐத் தவிர வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஹாலஜன் ஹெட்லைட்டில் செனான் கிட் போடலாமா?

வேண்டாம். உறுதியாகச் சொல்கிறேன். எச்4 பல்பில் ஒயர் சுருள் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கணக்கிட்டு ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். மின்பொறியின் வடிவமும் இடமும் வேறு. வெளிச்சம் ரோட்டில் விழாமல் மேலேயும் பக்கத்திலும் சிதறும். டிம்மில் எச்4 தருவது சுமார் 1000 லூமன். கிட்டில் அதைப்போல மூன்று மடங்கு வரை கொட்டும். எதிரே பைக்கில் வருபவருக்குச் சில நொடிகள் ரோடே தெரியாது. நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் அந்தச் சில நொடி ஒரு உயிர். ஐரோப்பிய விதிகளில் 2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்கு வைத்தால், லோடுக்கு ஏற்பத் தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பும் முகப்பைக் கழுவும் வாஷரும் கட்டாயம் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். கிட்டில் இந்த இரண்டும் கிடையாது. ஹாலஜன் கார் வைத்திருப்பவர்கள் நல்ல பிராண்டில் 60/55 வாட்ஸ் எச்4 போட்டு, ரிலே வைத்த தடித்த ஒயரிங் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

படி 5: வாங்கும்போது

ஜோடியாக வாங்குங்கள். பழையதின் நிறம் மாறியிருக்கும் என்பதால் ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் இரு பக்கமும் வேறு வேறாகத் தெரியும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் எண்ணும் போட்ட அங்கீகார முத்திரை பல்பின் அடியில் இருக்க வேண்டும். ஓஸ்ராம், பிலிப்ஸ் பெயரில் போலி நிறைய. பெட்டியில் உள்ள குறியீட்டை அந்தந்த நிறுவன இணையதளத்தில் சரிபாருங்கள்.

படி 6: மாட்டும்போது

விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பல்பு ஆறும்வரை காத்திருங்கள். உயர் மின்னழுத்தம் என்பதால் இதில் அவசரம் ஆகாது. தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கண்ணாடிக் குமிழை வெறும் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பின் ஆயுள் குறையும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்து விடுங்கள். பல்பின் காது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகே கிளிப்பைப் போடுங்கள். பின்மூடியை இறுக்கமாக மூடாவிட்டால் உள்ளே ஈரம் இறங்கும்.

படி 7: சுவரில் பாருங்கள்

சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். டிம்மில் போட்டால் வெளிச்சத்தின் மேல்கோடு ஹெட்லைட் மையத்தின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஹெட்லைட் மேல் வேறு சதவீதம் அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். 1 சதவீதம் என்பதுதான் இந்த 10 சென்டிமீட்டர். கோடு இடது பக்கம் மேலே ஏற வேண்டும், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் அல்லவா. வலது பக்கம் ஏறினால் அந்த ஹெட்லைட் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது; அதைப் பல்பு மாற்றிச் சரிசெய்ய முடியாது, ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

கழற்றிய டி1, டி2 பல்புகளைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், பாதரசம் இருக்கிறது. புதுப் பல்பு வந்த பெட்டியிலேயே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கை தவறி உடைந்தால் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, காற்றோட்டம் வந்த பிறகு துண்டுகளை அட்டையால் சேர்த்து எடுங்கள்.