நூல் பெட்டியைக் கவிழ்க்கிற டிசம்பர்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் டிசம்பர் மாதம் காலை வெயிலை நம்பித்தான் எந்த வேலையும். மத்தியானம் ஆனால் மலைப்பக்கம் கறுத்துவிடும், அப்புறம் மழை. அதனால் வருசக் கடைசியில் பின்னல் நூலைக் கணக்கெடுக்க நினைக்கிறவர்கள் நல்ல வெயில் அடிக்கிற ஒரு காலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாயை விரித்து பிஸ்கட் டின், பிளாஸ்டிக் பெட்டி, அலமாரி மேலே கிடக்கிற பை என்று எல்லாவற்றையும் கொட்டுங்கள். முழுசாகக் கண்ணில் பட்டால்தான் புது வருசத்துக்கு என்ன பின்னலாம் என்று சரியாக முடிவெடுக்க முடியும்.

நூலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வருசம் பின்னிக் கொடுத்ததை யார் யார் உண்மையிலேயே போட்டார்கள்? நான் ஒவ்வொரு பின்னலையும் 555 புத்தகத்தில் எழுதி வைக்கிறேன், மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டு. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். ஊசி அளவு, எத்தனை கண்ணி, நூலின் பெயர், யாருக்கு, எப்போது ஆரம்பித்து எப்போது முடித்தேன் எல்லாம் இருக்கும். ஓரத்தில் அந்த நூலில் ஒரு துண்டை டேப் போட்டு ஒட்டிவிடுவேன். டிசம்பரில் அதைப் புரட்டினால் கேள்விக்குப் பதில் தானாக வரும்.

எங்கள் ஊர்ச் சூட்டில் பின்னல் யாருக்கு என்று பலர் கேட்பதுண்டு. ஜொகூர் பாரு வரை இரவு பஸ்ஸில் போகிறவர்களைக் கேளுங்கள், ஏர்கோன் எப்படி நடுக்கும் என்று சொல்வார்கள். தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் நோட்டில் அதிகம் பயன்பட்ட பொருள் எங்கள் பெரியம்மாவுக்குப் பின்னிய சால்வைதான். அவர் டயாலிசிஸ் போகிறார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல நாற்காலியில் இருக்க வேண்டும். இரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருவதால் உடம்பு குளிர்ந்துவிடும். மேலே ஏர்கோன் வேறு. சால்வை தோளிலிருந்து நழுவி ஊசி போட்ட கையின் மேல் விழும்போதெல்லாம் மிஸ்ஸி, அதாவது தாதி, வந்து ஒதுக்கிவிடுவாராம். அந்தக் கை எப்போதும் திறந்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஊசி கழன்றால் உடனே தெரிய வேண்டும் அல்லவா. அதனால் வரும் வருசம் மடிமேல் போடுகிற சின்னப் போர்வைகள் பின்னப் போகிறேன், அவருக்கும் அங்கே கூட உட்காருகிறவர்களுக்கும்.

சரி, இப்போது பாயில் கிடப்பதற்கு வருவோம். பாதியில் நின்றவற்றை முதலில் எடுங்கள். குழந்தைச் சட்டையாக இருந்தால் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு முதுகில் வைத்துப் பாருங்கள். பத்தாது என்றால் பிரித்துவிடுங்கள். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் கம்பளி நூல் சுருக்கம் விட்டு நேராகிவிடும். அக்ரிலிக் அவ்வளவாக நேராகாது. அதற்காக இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள். அதிகச் சூடு பட்ட அக்ரிலிக் துவண்டுவிடும், பழைய துள்ளல் திரும்ப வராது.

லேபிள் தொலைந்த உருண்டைகள் எல்லார் வீட்டிலும் இருக்கும். அது என்ன நூல் என்று நெருப்பு சொல்லிவிடும். பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகிவிடும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் நுனியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு மணி நிற்கும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகச் செய்யுங்கள்.

மீதி நூலைச் சமையல் தராசில் வையுங்கள். லேபிளில் 100 கிராம், 290 மீட்டர் என்று இருந்து, கையில் 35 கிராம் இருந்தால், 290-ஐ 35-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 100 மீட்டர் வரும். பச்சைக்குழந்தைக்கு ஒரு ஜோடி காலுறை பின்ன இது தாராளம். காலுறை, கையுறை பின்னினால் உள்பக்கம் நீண்ட நூல் தொங்காமல் தைத்து முடியுங்கள். அது குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கிவிடக்கூடும்.

பெட்டியில் திரும்ப வைக்கும்போது எங்கள் ஈரக்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். அந்துப்பூச்சிக்குக் கம்பளிதான் தீனி. அக்ரிலிக்கைத் தேடி வராது. பலர் பாச்சை உருண்டை போடுகிறார்கள், அதில் நாப்தலீன் இருக்கும். குழந்தைத் துணிக்கும் குழந்தைக்கான நூலுக்கும் தயவுசெய்து போடாதீர்கள். ஜி6பிடி என்ற, இரத்த அணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலீன் வாடை பட்டாலே இரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் இந்தக் குறைபாட்டுக்குப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். நன்றாகக் காய்ந்த நூல், இறுக மூடுகிற பெட்டி, மாதம் ஒருமுறை திறந்து உதறுவது, இவ்வளவு போதும்.

ஊசிகளைத் துடைத்து, ஈரம் இல்லாமல் வையுங்கள். தோட்டத்துக் காலத்துப் பழைய ஊசிகளில் ஆங்கிலேயர் எண்தான் இருக்கும். அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25. அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மில்லிமீட்டர். அதனால் நோட்டில் மில்லிமீட்டரை மட்டும் எழுதுங்கள்.

இனி திட்டம். என் மடிப்போர்வையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் ஊசியில், டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரத் தடிமன் நூலில் மாதிரித் துண்டு ஒன்று பின்னினேன். 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 22 கண்ணி, 30 வரிசை, எடை 4 கிராம். போர்வை 70-க்கு 90 சென்டிமீட்டர் என்றால் அப்படி 63 சதுரம். 63 நாலு 252 கிராம், ஆக 100 கிராம் உருண்டை மூன்று. கண்ணிக் கணக்கு 154-ஐ 270-ஆல் பெருக்கினால் 41,580. கடிகாரத்தை முன்னால் வைத்து ஒரு வரிசை பின்னிப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 கண்ணி வந்தால் சுமார் 35 மணி நேரம் ஆகும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். ஓரம் சுருளாமல் இருக்கச் சுற்றிலும் ஆறு கண்ணி, ஆறு வரிசை நிட் என்கிற சாதாரணக் கண்ணி மட்டும் பின்னுவதால், இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் காலண்டரில் பின்னாலிருந்து எழுதுங்கள். பொங்கல் வாரத்திலும் தைப்பூச வாரத்திலும் நான் எதுவும் போடுவதில்லை. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதமும் காலிதான், பலகாரமும் வீட்டு வேலையும் கையைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற மாதங்களுக்கு ஐந்து போர்வை, இடையில் மீதி நூலில் காலுறை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தில் ஒரு பெயர் என்று எழுதியிருக்கிறேன், முதல் பக்கம் பெரியம்மாவுக்கு.

வாங்க வேண்டிய நூலை இதெல்லாம் முடிந்த பிறகே வாங்குங்கள். டயாலிசிஸ் போர்வைக்கு இயந்திரத்தில் துவைக்கக்கூடிய அக்ரிலிக் நல்லது, இரத்தக்கறை பட்டால் பச்சைத் தண்ணீரில் உடனே அலசிவிடலாம். ஒரு போர்வைக்கான உருண்டைகளை ஒரே தடவையில் எடுங்கள். லேபிளில் சாய எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். எண் வேறானால் கடை விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் கோடு விழும். அதே எண்ணில் ஒரு உருண்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.