கோட்டுக்கு உள்ளேயே நிற்கும் விளிம்பு: எஸ்விஜி உருவங்களுக்கு உள்விளிம்பு வரைவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் சின்னம் வரையும் வேலை வருடம் முழுக்க இருக்கும். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை, கோவில் திருவிழாவுக்கு பேனர், பழைய தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலுக்கு ஸ்டிக்கர் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். இவற்றை எஸ்விஜி-யில் (குறிச்சொற்களால் எழுதும் படக்கோப்பு வகை) கையால் எழுதிப் பழக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாம் வரையப் போவது பால்மர இலை, அதாவது ரப்பர் மர இலை. ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றுக்கும் கரும்பச்சை விளிம்பு. அந்த விளிம்பு இலையின் அளவைத் தாண்டி ஒரு புள்ளிகூட வெளியே போகக்கூடாது.

குறிச்சொற்களையும் பண்புகளையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கோடு எங்கே விழுகிறது?

எஸ்விஜி-யில் ஸ்ட்ரோக் என்பது விளிம்பு, ஃபில் என்பது உள்நிறம். ஸ்ட்ரோக்-விட்த் (விளிம்பின் தடிப்பு) 8 என்று கொடுத்தால் உருவத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளே 4, வெளியே 4 என்று விளிம்பு விழும். எல்லைக்கோடு அதன் நடுவில் ஓடும். 1984-இல் அடோபி கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப்பக்க மொழியில் இப்படித்தான் இருந்தது. 2001-இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த எஸ்விஜி முதல் பதிப்பிலும் இதே முறைதான். இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் திறந்த கோட்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எதுவும் கிடையாது. எல்லாக் கோட்டுக்கும் பொருந்துகிற ஒரே விதி நடுவில் வைப்பதுதான்.

ஃபிக்மா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருள்களில் 'இன்சைட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. வலைப்பக்கத் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்-இல் பாக்ஸ்-சைஸிங்கை பார்டர்-பாக்ஸ் என்று வைத்துப் பழகியவர்களும் பார்டர் அளவுக்குள் அடங்கும் என்றே எதிர்பார்ப்பார்கள். எஸ்விஜி-யில் அப்படி ஒரு பண்பு எழுதி முடித்துவிட முடியாது. ஸ்ட்ரோக்-அலைன்மென்ட் என்ற யோசனை டபிள்யூ3சி-யின் வரைவு ஒன்றில் இருக்கிறது, பிரவுசர்கள் அதைச் செயல்படுத்தவில்லை. ஆகவே நாமேதான் செய்ய வேண்டும்.

முதலில் சுலபமானது: செவ்வகமும் வட்டமும்

செவ்வகம் என்றால் கணக்குப் போட்டே முடித்துவிடலாம். 200-க்கு 80 பெயர்ப்பலகை, 6 அளவு விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் பாதி 3. எக்ஸ், ஒய் இரண்டையும் 3 கூட்டுங்கள். விட்த்தையும் ஹைட்டையும் 6 குறைத்து 194, 74 ஆக்குங்கள். மூலை வளைவு 12 ஆக இருந்தால் ஆர்எக்ஸ்-ஐ 9 ஆக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், மூலை மட்டும் கொஞ்சம் அதிகமாக வளைந்து தெரியும். வட்டம் இன்னும் எளிது, ஆரத்தில் பாதி விளிம்பைக் கழித்தால் போதும்.

இலைக்கு இந்தக் கணக்கு செல்லாது

எஸ்விஜி குறிச்சொல்லில் வியூபாக்ஸ் (படம் தெரியும் பரப்பு) -70 0 340 200 என்று கொடுங்கள். உள்ளே டெஃப்ஸ் (திரையில் வரையாமல் வடிவங்களை வைத்திருக்கும் இடம்) திறந்து ஒரு பாத் (பாதை) எழுதுங்கள். ஐடி லீஃப். அதன் டி பண்பு:

எம் 100 10 க்யூ 150 100 100 190 க்யூ 50 100 100 10 இஸட்

எம் பேனாவை நுனியில் வைக்கிறது. முதல் க்யூ வலப்பக்க வளைவில் அடிவரை இறங்குகிறது, இரண்டாவது இடப்பக்கமாக நுனிக்கு ஏறுகிறது. இஸட் பாதையை மூடுகிறது. 50 அகலம், 180 நீளத்தில் ஒரு சிற்றிலை கிடைக்கும். இந்த பாத்துக்கு ஃபில், ஸ்ட்ரோக், டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் இப்போது கொடுக்காதீர்கள்.

இலையைக் கொஞ்சம் சுருக்கி வரைந்தால் விளிம்பு உள்ளே வந்துவிடாதா என்று கேட்கலாம். 90 சதவீதமாகச் சுருக்கிப் பாருங்கள். அகலம் 45 ஆகும், பக்கத்துக்கு 2.5 குறையும். நீளம் 162 ஆகும், முனைக்கு 9 குறையும். பக்கத்தில் ஓர் இடைவெளி, நுனியில் அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். சுருக்குவது வேறு, சுற்றிலும் சம தூரம் உள்ளே தள்ளுவது வேறு. இந்த இடத்தில்தான் தொடங்குபவர்கள் அதிக நேரம் வீணாக்குகிறார்கள்.

இரட்டிப்பாக்கு, பிறகு வெட்டு

வழி ரொம்ப எளியது. விளிம்பை வேண்டியதைப்போல் இரு மடங்கு தடிப்பாகப் போடுங்கள். அப்புறம் அதே இலை வடிவத்தால் வெளிப்பாதியை வெட்டி எறியுங்கள். 8 வேண்டுமென்றால் 16 போடுகிறோம். உள்ளே 8, வெளியே 8. வெளியே உள்ளது போய்விடும்.

டெஃப்ஸுக்குள்ளேயே ஒரு க்ளிப்பாத் (வெட்டும் வடிவம்) திறந்து கட் என்று ஐடி கொடுங்கள். அதற்குள் ஒரே ஒரு யூஸ் (முன்பு எழுதிய வடிவத்தை மறுபடி அழைக்கும் குறிச்சொல்), அதன் ஹெச்ரெஃப் #லீஃப். அவ்வளவுதான்.

இப்போது டெஃப்ஸுக்கு வெளியே வந்து இன்னொரு யூஸ் எழுதுங்கள். ஹெச்ரெஃப் அதே #லீஃப். ஃபில் இளம்பச்சை, ஸ்ட்ரோக் கரும்பச்சை, ஸ்ட்ரோக்-விட்த் 16, க்ளிப்-பாத் பண்பில் யூஆர்எல்(#கட்). பிரவுசரில் திறந்தால் விளிம்பு உள்ளேயே நிற்கும். வடிவம் ஒரே இடத்தில் எழுதியிருப்பதால், பின்னால் இலையை மாற்றினால் வெட்டும் வடிவமும் தானாக மாறும். பாதையின் எண்களை இரண்டு இடத்தில் ஒட்டி வைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஃபில்லும் ஸ்ட்ரோக்கும் ஒரே யூஸில் இருப்பதும் முக்கியம். ஓரப் பிக்சல்கள் பாதி நிரம்பியவை. நிறத்தைத் தனியாக வரைந்து, விளிம்பை மட்டும் வெட்டி அதன்மேல் வைத்தால், பாதி நிரம்பிய ஓரத்தின் வழியாக அடியில் உள்ள இளம்பச்சை மெல்லிய மயிரிழையாகக் கசியும். இரண்டையும் சேர்த்து வரைந்து ஒரே தடவை வெட்டினால் அந்தக் கசிவு வராது. திரையில் கண்ணுக்குப் படாத இது, பெரிய பேனரில் கறுப்புப் பின்னணி வந்தால் பளிச்சென்று தெரியும்.

மூன்று இலையாக விரிப்பது

இதே யூஸை இன்னும் இரண்டு தடவை எழுதி, ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட் 60 100 190 என்றும், மற்றதற்கு ரொட்டேட் -60 100 190 என்றும் கொடுங்கள். 100, 190 என்பது இலையின் அடி, காம்பு சேரும் இடம். நம் இலையின் அடிக்கோணம் ஏறக்குறைய 58 பாகை. 60 பாகை சுழற்றினால் இலைகள் அடியில் மட்டும் தொட்டு, அங்கிருந்து மெல்லிய இடைவெளியோடு விரியும்.

க்ளிப்-பாத்தை எடுத்துவிட்டு, விட்த்தை 8 ஆக்கி ஒருமுறை பாருங்கள். அடியில் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த இடைவெளி கரும்பச்சைக் குழம்பாகிவிடும். நுனியும் நீளும். கூர்மூலையில் ஸ்ட்ரோக் முனை விளிம்புத் தடிப்பின் பாதியைவிட அதிகமாக வெளியே போகும். இந்தக் கோணத்துக்கு அது 8-க்குச் சற்று அதிகம். பால் வெட்டி வளர்ந்த ஊர்க்காரர்களிடம் சின்னத்தைக் காட்டினால், அவர்கள் முதலில் பார்ப்பது இலை பிரிகிற அந்த இடத்தைத்தான். அது சரியாக இருந்தால்தான் அது பால்மர இலை.

ஒரே க்ளிப்பாத் மூன்று இலைக்கும் எப்படிப் பொருந்துகிறது? க்ளிப்பாத், தன்னை அழைக்கும் உருவத்தின் ஆயத்தளத்தில் வேலை செய்யும். உருவம் சுழன்றால் அதுவும் கூடவே சுழலும். இதனால்தான் பாத்துக்கு டிரான்ஸ்ஃபார்ம் கொடுக்க வேண்டாம் என்றேன். கொடுத்து, அதையே க்ளிப்பாத்துக்குள்ளும் நகலெடுத்தால் சுழற்சி இரண்டு தடவை ஏறி, இலை வெட்டுப்பட்டுக் காணாமல் போகும்.

கவனிக்க வேண்டியவை

நுனியில் விளிம்பு மட்டுமே தெரிகிறதா? அது இயல்பு. இரண்டு பக்க உள்விளிம்பும் அங்கே சந்திக்கின்றன. 8 அளவு விளிம்புக்கு நுனியிலிருந்து 16-க்கும் கொஞ்சம் அதிகமான நீளம் முழுக் கரும்பச்சையாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் விளிம்பை 4 ஆக்குங்கள், அதாவது ஸ்ட்ரோக்-விட்த் 8.

ஸ்ட்ரோக்-லைன்ஜாயின் இங்கே வெளிமூலைகளை மாற்றாது, அவை வெட்டுப்பட்டுவிட்டன. உள்நோக்கி மடியும் மூலைகளில் மட்டும் அது தெரியும். நட்சத்திரத்தில் இரண்டு முனைக்கு நடுவே வரும் பள்ளம் அப்படிப்பட்டது. அங்கே ரவுண்ட் கொடுத்தால் மென்மையாக இருக்கும்.

வளையம் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள உருவத்துக்கு ஃபில்-ரூல் ஈவன்ஆட் கொடுத்திருந்தால், க்ளிப்பாத்துக்குள் இருப்பதற்கு க்ளிப்-ரூல் ஈவன்ஆட் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ஃபில்-ரூலை அது பார்ப்பதில்லை. சரியாகக் கொடுத்தால் ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு நிறத்துக்குள்ளேயே விழும்.

கேன்வாஸில் செய்வதென்றால்

கேன்வாஸ் என்பது வலைப்பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டால் வரையும் பரப்பு. இலையைப் பாத்2டி-யாக (பாதையைச் சேமிக்கும் பொருள்) வைத்துக்கொண்டு ஸேவ், க்ளிப், ஃபில், லைன்விட்த் இரட்டிப்பு, ஸ்ட்ரோக், ரிஸ்டோர் என்று வரிசையாக அழையுங்கள். ரிஸ்டோரை மறந்தால் அடுத்து வரைவதெல்லாம் இலைக்குள்ளேயே வெட்டுப்படும். ஆனால் கேன்வாஸில் க்ளிப் ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாக நடப்பதால், மேலே சொன்ன நிறக்கசிவு திரும்ப வரும். சுத்தமாக வேண்டுமென்றால் தனியாக ஒரு கேன்வாஸில் க்ளிப் இல்லாமலே ஃபில்லையும் தடித்த ஸ்ட்ரோக்கையும் வரைந்து, குளோபல்காம்பஸிட்ஆபரேஷனை டெஸ்டினேஷன்-இன் ஆக்கி, இலையை இன்னொரு தடவை ஃபில் செய்யுங்கள். இலைக்கு வெளியே இருப்பது அழிந்துவிடும். அந்தப் படத்தை முதன்மைக் கேன்வாஸில் ட்ராஇமேஜால் ஒட்டுங்கள்.

அச்சுக் கடைக்குக் கொடுக்கும் முன்

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் பாதையைத்தான் பின்தொடரும். க்ளிப்பை மதிக்காத மென்பொருளில் கோப்பைத் திறந்தால் 16 அளவு விளிம்பு முழுசாக வெளியே வந்து நிற்கும். அதனால் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் விளிம்பை நிஜ உருவமாகவே மாற்றிக் கொடுங்கள். க்ளிப் இல்லாத இலையை இரண்டு நகல் எடுங்கள். ஒரு நகலில் ஃபில்லை நீக்கி, ஸ்ட்ரோக் 16 வைத்து, பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத். அதையும் இரண்டாவது நகலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, அதே மெனுவில் இன்டர்செக்‌ஷன். மிஞ்சுவது 8 அளவு உள்விளிம்பு மட்டும், எந்த க்ளிப்பும் இல்லாமல். கீழே இருக்கும் மூல இலையில் ஸ்ட்ரோக்கை நீக்கி நிறத்தை மட்டும் வையுங்கள். வெட்டும் கோடாக அந்த மூல இலையையே கடைக்காரரிடம் காட்டுங்கள்.